புலத்தைக் கூட்டினால் பிளாஸ்மாவின் ஆற்றல் இழப்பு குறையுமா? ஒரே தாளில் கணக்கிடும் முறை

அணுக்கரு இணைவு பற்றிப் படிக்க வருகிற மாணவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: பிளாஸ்மாவை, அதாவது அயனிகளும் எலக்ட்ரான்களுமாகப் பிரிந்த சூடான வாயுவை, அடைத்து வைக்கும் காந்தப்புலத்தை இரண்டு மடங்காக்கினால் ஆற்றல் இழப்பு எவ்வளவு குறையும்? இதற்கு ஒற்றை எண்ணில் பதில் சொல்பவர்களை நான் நம்புவதில்லை. புலத்தை உயர்த்தும்போது பிளாஸ்மா மின்னோட்டத்தை உயர்த்துகிறோமா, அடர்த்தியை உயர்த்துகிறோமா, வெப்பநிலையை அப்படியே விடுகிறோமா என்பதைச் சொல்லாமல் அந்தக் கேள்விக்குப் பொருளே இல்லை. ஆகவே வெள்ளைத்தாளின் தலைப்பில் சிவப்பு மையில் 'எதை மாற்றாமல் வைக்கிறேன்' என்று எழுதச் சொல்வேன். அந்த வரி நிரம்பாதவரை கணக்கைத் தொட விடமாட்டேன்.

கையில் ஒரு கால்குலேட்டர் போதும். பிளாஸ்மாவை வளைய வடிவில் காந்தப்புலத்தால் அடைக்கும் எந்திரத்தை டோகாமாக் என்போம். அடிப்படை எந்திரமாகப் பிரான்சில் கட்டப்படும் ஐட்டர் டோகாமாக்கை எடுத்துக்கொள்வோம். அதன் வடிவமைப்பு எண்கள் எல்லோருக்கும் கிடைக்கின்றன: வளையத்தின் பெரிய ஆரம் 6.2 மீட்டர், பிளாஸ்மாவின் சிறிய ஆரம் 2 மீட்டர், நடுவில் புலம் 5.3 டெஸ்லா, மின்னோட்டம் 15 மெகா ஆம்பியர், அடர்த்தி கன மீட்டருக்குச் சுமார் 10²⁰, வெப்பநிலை சராசரியாக 10 கிலோ எலக்ட்ரான்வோல்ட் (இத்துறையில் வெப்பநிலையை இந்த ஆற்றல் அலகிலேயே சொல்வோம்) என்று வைத்துக்கொள்ளலாம். கன அளவு ஏறத்தாழ 830 கன மீட்டர். இலக்கு 500 மெகாவாட் இணைவுத் திறன். அதில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 100 மெகாவாட், இணைவில் பிறக்கும் ஹீலியம் கருக்களான ஆல்ஃபா துகள்கள் வழியாகப் பிளாஸ்மாவுக்கே திரும்புகிறது.

எண்களை எடுக்கும்போது ஒரு கவனம் தேவை. செய்தியில் '20 டெஸ்லா காந்தம்' என்று படித்தால் அது கம்பிச்சுருளின் மேல் இருக்கும் உச்சப் புலம். பிளாஸ்மாவின் நடுவில் இருப்பது அதைவிடக் குறைவு, ஏனெனில் வளையத்தின் மையத்திலிருந்து விலக விலகப் புலம் தூரத்துக்கு எதிர்விகிதத்தில் தேய்கிறது. ஐட்டரில் சுருளின் மேல் 11.8 டெஸ்லா, நடுவில் 5.3. இழப்புக் கணக்கில் நடுப்புலத்தைத்தான் போட வேண்டும்.

முதலில் சுழல் ஆரம்

புலம் என்ன செய்கிறது என்பது கைக்குப் புலப்பட வேண்டுமானால் சுழல் ஆரத்திலிருந்து தொடங்குங்கள். 10 கிலோ எலக்ட்ரான்வோல்ட் வெப்பநிலையில் டியூட்டீரிய அயனி நொடிக்குச் சுமார் 690 கிலோமீட்டர் வேகத்தில் பாய்கிறது. புலம் இல்லையென்றால் 2 மீட்டரைக் கடந்து சுவரை அடைய அதற்கு 3 மைக்ரோ நொடி போதும். 5.3 டெஸ்லாவில் அது புலக்கோட்டைச் சுற்றி 2.7 மில்லிமீட்டர் ஆரத்தில் வட்டமிடுகிறது. எலக்ட்ரானுக்கு அந்த ஆரம் 0.045 மில்லிமீட்டர்தான். புலத்தை இரட்டிப்பாக்கினால், வெப்பநிலை மாறாதவரை, இரண்டும் பாதியாகும்.

மோதல் ஒவ்வொன்றிலும் துகள் ஏறத்தாழ ஒரு சுழல் ஆரம் நகர்கிறது என்று வைத்தால் கசிவு வீதம் அந்த ஆரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது, அதாவது புலத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதம். இது பாடப்புத்தகக் கணிப்பு. உண்மைப் பிளாஸ்மா இவ்வளவு நல்ல பிள்ளையாக நடந்துகொள்வதில்லை. மோதலைவிடக் கொந்தளிப்புதான் பெரும்பகுதி வெப்பத்தை வெளியே கடத்துகிறது.

கொந்தளிப்புக்கு இரண்டு அளவுகோல்கள் உண்டு. இரண்டையும் தாளில் போடுங்கள். முதலாவது, இயற்பியலாளர் டேவிட் போம் 1940-களில் வில்-மின்னிறக்க ஆய்வுகளிலிருந்து வகுத்த விதி: வெப்பநிலையை எலக்ட்ரான்வோல்ட்டில் எடுத்து, 16 மடங்கு புலத்தால் வகுத்தால் பரவல் கெழு கிடைக்கும். நம் எண்களுக்கு அது 10,000 ÷ (16 × 5.3), சுமார் 118 சதுர மீட்டர்/நொடி. பிளாஸ்மா ஆரத்தின் வர்க்கத்தை இந்தக் கெழுவின் 5.8 மடங்கால் வகுத்தால் தக்கவைப்பு நேரம், அதாவது பிளாஸ்மா தன் வெப்பத்தைப் பிடித்து வைத்திருக்கும் நேரம், கிடைக்கும்: 5.8 மில்லி நொடி. ஐட்டர் எதிர்பார்க்கும் தக்கவைப்பு நேரம் 3.6 நொடி அளவு. போம் விதிதான் உண்மையென்றால் இணைவு உலையே சாத்தியமில்லை. 1950-களிலும் 60-களிலும் எந்திரம் எந்திரமாக இந்த விதி வந்து நின்றபோது ஆய்வாளர்கள் எப்படிச் சோர்ந்திருப்பார்கள் என்று நான் பலமுறை நினைத்திருக்கிறேன். சோவியத் டி-3 டோகாமாக் அந்த மதிப்பைப் பல மடங்கு மிஞ்சியதாக 1968-இல் அறிவித்தது. அடுத்த ஆண்டு பிரிட்டனின் கல்ஹாமிலிருந்து லேசருடன் ஒரு குழு மாஸ்கோ சென்று வெப்பநிலையை அளந்து உறுதிசெய்தது. இன்று நாம் இந்தக் கணக்கைப் போடுவதே அந்த அளவீட்டால்தான்.

இரண்டாவது அளவுகோல் 'கைரோ-போம்'. கொந்தளிப்புச் சுழிகள் எந்திரத்தின் அளவில் இல்லாமல் அயனியின் சுழல் ஆர அளவில் இருந்தால், போம் மதிப்பு 'சுழல் ஆரம் ÷ பிளாஸ்மா ஆரம்' என்ற விகிதத்தால் சுருங்கும். நமக்கு அந்த விகிதம் 0.0014 அளவு. இதன் முன்னிலைக் கெழு போம் விதியில் உள்ளது போன்றது அல்ல. ஆகவே இதை விகிதம் பார்க்க மட்டும் பயன்படுத்துங்கள். மனதில் நிறுத்த வேண்டியது: போம் கசிவு வெப்பநிலை ÷ புலம் என்று மாறுகிறது; கைரோ-போம் கசிவு வெப்பநிலையின் 1.5 அடுக்கு ÷ புலத்தின் வர்க்கம் என்று மாறுகிறது.

அனுபவ விதியில் இருக்கும் பொறி

அடுத்து, உலகின் பல டோகாமாக்குகளின் அளவீடுகளைத் திரட்டி 1998-இல் வகுத்த தக்கவைப்பு விதி. வடிவமைப்பாளர்கள் எல்லோரும் இதைத்தான் முதலில் எடுக்கிறார்கள். தக்கவைப்பு நேரம் = 0.0562 × மின்னோட்டம்^0.93 × புலம்^0.15 × திறன்^−0.69 × அடர்த்தி^0.41 × அயனி நிறை^0.19 × பெரிய ஆரம்^1.97 × ஆர விகிதம்^0.58 × நீட்சி^0.78. மின்னோட்டம் மெகா ஆம்பியரில், திறன் (பிளாஸ்மா கடத்தலால் இழக்கும் வெப்பத்திறன்) மெகாவாட்டில், அடர்த்தி 10¹⁹ அலகில். ஆர விகிதம் என்பது சிறிய ஆரம் ÷ பெரிய ஆரம்; நீட்சி என்பது பிளாஸ்மாவின் குறுக்குவெட்டு எவ்வளவு செங்குத்தாக நீண்டிருக்கிறது என்பது. ஐட்டருக்கு 15, 5.3, 87, 10.1, 2.5, 6.2, 0.32, 1.7 என்று இட்டுப் பாருங்கள், 3.6 நொடி வரும். வராவிட்டால் அலகில் எங்கோ பிசகு, மேலே போகாதீர்கள்.

இப்போது புலத்தின் அடுக்கைப் பாருங்கள்: 0.15. புலத்தை இரட்டித்தால் நேரம் 11 விழுக்காடுதான் கூடும் என்று அது சொல்வதுபோல் தெரிகிறது. 'வலுவான காந்தத்தால் பெரிய பயனில்லை' என்று இந்த ஒரு எண்ணைக் காட்டி வாதிடுகிறவர்கள் உண்டு. இது தவறான வாசிப்பு, அதுவும் விலை அதிகமான தவறு. அந்த 0.15 என்பது மின்னோட்டத்தைக் கட்டிப்போட்டுவிட்டுப் புலத்தை மட்டும் உயர்த்தினால் கிடைப்பது. டோகாமாக்கில் யாரும் அப்படிச் செய்வதில்லை. முறுக்கிச் செல்லும் புலக்கோடு பிளாஸ்மாவின் குறுக்குவெட்டை ஒருமுறை சுற்றி முடிக்குமுன் வளையத்தை எத்தனை முறை சுற்றுகிறது என்ற எண்ணைப் 'பாதுகாப்புக் காரணி' என்போம். அது 3-க்குக் கீழே இறங்கினால் பிளாஸ்மா நிலைகுலையும் ஆபத்து ஏறுகிறது. வடிவம் மாறாமல் புலம் இரட்டித்தால் அதே பாதுகாப்புக் காரணியில் மின்னோட்டத்தையும் இரட்டிக்கலாம். வலுவான புலம் தருகிற உரிமமே அதுதான். ஆகவே 0.93-ஐயும் சேர்த்துப் புலத்தின் உண்மையான அடுக்கு 1.08.

அதோடு நிற்பதில்லை. டோகாமாக் தாங்கும் அடர்த்திக்குக் கிரீன்வால்ட் வரம்பு உண்டு: மின்னோட்டத்தைச் சிறிய ஆரமுள்ள வட்டத்தின் பரப்பால் வகுத்தால் 10²⁰ அலகில் வரம்பு கிடைக்கும். ஐட்டருக்கு 15 ÷ (3.14 × 4), அதாவது 1.19. மின்னோட்டம் இரட்டித்தால் இந்த வரம்பும் இரட்டிக்கிறது. அடர்த்தியை அதே விகிதத்தில் உயர்த்தினால் இன்னொரு 0.41. மொத்தம் 1.49.

ஐயம் இருந்தால் ஸ்டெல்லரேட்டர்கள் என்ற மற்றொரு வகை இணைவு எந்திரங்களின் 2004 விதியோடு ஒப்பிடுங்கள். அங்கே பிளாஸ்மா மின்னோட்டத்தை நம்பியிருப்பதில்லை. புலத்தை முழுக்கச் சுருள்களே தருகின்றன. ஒளிந்துகொள்ள இடமில்லாததால் புலத்தின் அடுக்கு நேராக 0.84 என்று வெளியே தெரிகிறது.

புலத்தை இரட்டிப்போம்

இனி சிவப்பு வரியை நிரப்பலாம். என் தெரிவு இது: வடிவம், அளவு, பாதுகாப்புக் காரணி, கிரீன்வால்ட் பங்கு, பீட்டா ஐந்தும் மாறாது. பீட்டா என்பது பிளாஸ்மா அழுத்தத்துக்கும் காந்த அழுத்தத்துக்கும் உள்ள விகிதம். 5.3 டெஸ்லாவின் காந்த அழுத்தம் சுமார் 110 வளிமண்டலம். பிளாஸ்மா அழுத்தம் 3 வளிமண்டலம் சொச்சம். ஆக பீட்டா 3 விழுக்காட்டை ஒட்டியது. புலம் 10.6 டெஸ்லா ஆனால் காந்த அழுத்தம் நான்கு மடங்கு, எனவே பிளாஸ்மா அழுத்தமும் நான்கு மடங்கு உயரலாம். அடர்த்தி இரட்டித்திருப்பதால் வெப்பநிலையும் இரட்டிக்கும்: 20 கிலோ எலக்ட்ரான்வோல்ட். ஐட்டர் அளவில் இப்படி ஒரு காந்தத்தைக் கட்ட முடியாது. இது போக்கை அறிய ஏட்டில் போடும் கணக்கு.

இணைவுத் திறன் அடர்த்தியின் வர்க்கத்தோடும் வினைவீதத்தோடும் போகிறது. 10 முதல் 20 கிலோ எலக்ட்ரான்வோல்ட் வரை டியூட்டீரியம்–டிரிட்டியம் வினைவீதம் ஏறத்தாழ வெப்பநிலையின் வர்க்கமாக ஏறுவதால், மொத்தத்தில் புலத்தின் 4-ஆம் அடுக்கு: 16 மடங்கு. ஆல்ஃபா வெப்பம் 100-இலிருந்து 1,600 மெகாவாட்.

கடத்தல் இழப்பில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். விதியில் திறனுக்கு −0.69 என்ற அடுக்கு இருக்கிறது: கூடுதல் வெப்பம் ஊட்டினால் பிளாஸ்மா கூடுதலாகக் கசிகிறது. எனவே திறனைத் தெரிந்த எண்ணாக இடக்கூடாது. அதையே விடையாகக் கண்டுபிடிக்க வேண்டும். சேமித்த ஆற்றல் = திறன் × தக்கவைப்பு நேரம். சேமித்த ஆற்றல் புலத்தின் வர்க்கமாகக் கூடுகிறது; நேரம் புலம்^1.49 × திறன்^−0.69. ஆக திறன்^0.31 என்பது புலம்^0.51-க்குச் சமவிகிதம், திறன் புலத்தின் 1.65 அடுக்கு. இரட்டிப்புக்கு 3.1 மடங்கு: 87 மெகாவாட் 270 ஆகிறது. இழப்பு கூடித்தான் இருக்கிறது! ஆனால் நான்கு மடங்கு ஆற்றலைப் பிடித்து வைக்க மூன்று மடங்கு இழப்பே தேவைப்படுகிறது. தக்கவைப்பு நேரம் 1.28 மடங்கு நீள்கிறது.

இதைக் கைரோ-போமோடு ஒத்துப் பார்க்கும் இடம் எனக்கு மிகவும் பிடிக்கும். வெப்பநிலையும் புலமும் சேர்ந்தே இரட்டிக்கும்போது போம் கசிவு அசையாது. கைரோ-போம் கசிவு 0.71 மடங்காகக் குறைந்து நேரத்தை 1.41 மடங்காக்கும். பல எந்திரங்களின் அளவீட்டில் பிறந்த விதி தரும் 1.28, இரண்டுக்கும் நடுவில், கைரோ-போம் பக்கமாக விழுகிறது. கோட்பாடும் அளவீடும் வெவ்வேறு வழியில் வந்து ஒரே திசையைக் காட்டுகின்றன.

கதிர்வீச்சு

அயனிகளின் அருகே எலக்ட்ரான்கள் திசைமாறும்போது வீசும் பிரெம்ஸ்ட்ராலுங் கதிர்வீச்சுக்கான சூத்திரத்தில் புலமே இல்லை. கன மீட்டருக்கு வாட் = 5.35 × 10⁻³⁷ × அடர்த்தி² × மாசுக் காரணி × √வெப்பநிலை. வெப்பநிலை கிலோ எலக்ட்ரான்வோல்ட்டில். மாசுக் காரணி 1 என்றால், அதாவது மாசே இல்லையென்றால், நமக்கு 17 கிலோவாட், முழுப் பிளாஸ்மாவுக்கு 14 மெகாவாட். அடர்த்தியும் வெப்பநிலையும் இரட்டித்தால் 5.7 மடங்கு, 80 மெகாவாட். சுவரிலிருந்து வரும் டங்ஸ்டன் போன்ற கன உலோகங்கள் வேறு பெரிய கதை. அவற்றையும் புலம் நேரடியாகத் தொடுவதில்லை.

சிங்க்ரோட்ரான் கதிர்வீச்சு அப்படியல்ல. அது புலத்தாலேயே பிறப்பது. ஒவ்வொரு டெஸ்லாவுக்கும் எலக்ட்ரான் நொடிக்கு 2,800 கோடி முறை சுழல்கிறது, 5.3 டெஸ்லாவில் 148 கிகாஹெர்ட்ஸ். சுழலும் மின்னூட்டம் கதிர்வீசும். வெளியிடும் அளவு: கன மீட்டருக்கு வாட் = 6.2 × 10⁻¹⁷ × புலம்² × அடர்த்தி × வெப்பநிலை, வெப்பநிலை கிலோ எலக்ட்ரான்வோல்ட்டில். இட்டுப் பாருங்கள்: 1.7 மெகாவாட். கன அளவால் பெருக்கினால் 1,400 மெகாவாட்டைத் தாண்டும், இணைவுத் திறனைப்போல் மூன்று மடங்கு! இந்த எண்ணைக் கண்டதும் பேனாவைக் கீழே வைத்துவிடாதீர்கள். அடிப்படை அதிர்வெண்ணிலும் அதன் முதல் சில மடங்குகளிலும் பிளாஸ்மா ஒளிபுகாதது. வெளியிட்டதைத் தானே விழுங்கிக்கொள்கிறது. தப்புவது உயர் மடங்குகள் மட்டும். அதிலும் பெரும்பகுதியை உலோகச் சுவர் பிரதிபலித்துத் திருப்பி அனுப்புகிறது. சுவர் 80 விழுக்காடு பிரதிபலித்தால் உண்மையில் இழப்பது ஆயிரத்தில் ஓரிரு பங்கு: சில மெகாவாட்.

ஆனால் ஏறும் வேகத்தைக் கவனியுங்கள். தப்பிச் செல்லும் பகுதிக்கான துருப்னிக்கோவ் விதிப்படி அது புலம்^2.5 × வெப்பநிலை^2.5 × அடர்த்தி^0.5 என்று போகிறது. நம் பாதையில் மூன்றும் சேர்ந்து புலத்தின் 5.5 அடுக்கு: 45 மடங்கு. இணைவுத் திறனைவிட வேகமாக ஏறுகிற ஒரே இழப்பு இதுதான். சில மெகாவாட்டில் தொடங்கியது 100 மெகாவாட்டைக் கடக்கும். ஆகவே வலுவான புலத்தில் நான் வெப்பநிலையை 20-க்கு ஏற்றச் சொல்லமாட்டேன். குளிர்ந்த, அடர்த்தியான பிளாஸ்மாவை நாடச் சொல்வேன். டிரிட்டியம் இல்லாத எரிபொருள்களுக்கு இன்னும் உயர்ந்த வெப்பநிலை தேவை என்பதால் அங்கே இந்த வரி தாளின் மிகப் பெரிய வரியாகிவிடும்.

உபரியை எதில் செலவிடுவது

கூட்டிப் பாருங்கள்: கடத்தல் 270, பிரெம்ஸ்ட்ராலுங் 80, சிங்க்ரோட்ரான் நூற்றுச் சொச்சம், ஏறத்தாழ 470 மெகாவாட். எதிரே ஆல்ஃபா வெப்பம் 1,600. இவ்வளவு உபரியோடு பிளாஸ்மா அதே நிலையில் நிற்காது. எந்திரத்தைச் சிறிதாக்கி உபரியைச் செலவிடுவதே அறிவுள்ள வழி. அமெரிக்காவின் ஸ்பார்க் டோகாமாக் வடிவமைப்பு அதைத்தான் செய்கிறது: 12.2 டெஸ்லா, 8.7 மெகா ஆம்பியர், பெரிய ஆரம் 1.85 மீட்டர், சிறிய ஆரம் 0.57 மீட்டர். அதன் தக்கவைப்பு நேரம் 1 நொடிக்கும் குறைவு. ஐட்டரின் 3.6 நொடியோடு நேரத்தை மட்டும் ஒப்பிட்டால் தோற்றதுபோல் தெரியும். ஆனால் அடர்த்தி மூன்று மடங்கு. இணைவுக்குத் தேவை அடர்த்தி, வெப்பநிலை, நேரம் மூன்றின் பெருக்கம். உயர் வெப்பநிலை மீக்கடத்தி நாடாவால் செய்த சுருள் 2021 செப்டம்பரில் 20 டெஸ்லாவை எட்டியதால் இந்தப் பாதை ஏட்டிலிருந்து பட்டறைக்கு வந்தது.

சிறிதாக்கும்போது ஆல்ஃபாவை ஒருமுறை சரிபாருங்கள். 3.5 மெகா எலக்ட்ரான்வோல்ட் ஆல்ஃபாவின் சுழல் ஆரம் 5.3 டெஸ்லாவில் 5 சென்டிமீட்டர், 12.2-இல் 2.2. பிளாஸ்மா ஆரத்துக்குள் ஐட்டரில் 40, ஸ்பார்க்கில் 26 அடங்கும். மின்னோட்டம் சில மெகா ஆம்பியருக்கு மேல் இருக்கும்வரை ஆல்ஃபா தன் வெப்பத்தைக் கொடுக்குமுன் ஓடிவிடாது.

கிகாகாஸ் அளவில், அதாவது 1 லட்சம் டெஸ்லாவில், எலக்ட்ரானின் சுழற்சி ஆற்றல் தனித்தனிப் படிகளாகப் பிரிந்து அயனியிடமிருந்து எலக்ட்ரானுக்கு வெப்பம் போவதைத் தடுக்கும் என்ற கருத்தும் உண்டு. போரான் எரிபொருளுக்கு அதை முன்வைக்கிறார்கள். அங்கே ஒரு படியின் உயரம் 11.6 எலக்ட்ரான்வோல்ட். 12 டெஸ்லாவில் அது 0.0014 மட்டுமே. டோகாமாக் தாளில் இதற்கு வரி ஒதுக்க வேண்டாம்.

வெளியேறும் வெப்பம் விழும் பட்டை

கடைசி வரியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். எனக்கு அதுவே முக்கியம். இழந்த வெப்பம் எங்கோ விழ வேண்டும். பிளாஸ்மாவின் விளிம்பைத் தாண்டியது புலக்கோடுகள் வழியே ஓடி, அந்த வெப்பத்தை ஏற்கவே வைத்திருக்கும் டைவர்ட்டர் தட்டுகளின் மேல் ஒல்லியான பட்டையாக விழுகிறது. அந்தப் பட்டையின் அகலத்துக்கான ஐக் விதி: விளிம்பில், மின்னோட்டம் உருவாக்கும் குறுக்குப் புலத்தின் −1.19 அடுக்கு. ஐட்டருக்கு அகலம் 1 மில்லிமீட்டர் அளவிலேயே இருக்கிறது. புலமும் மின்னோட்டமும் இரட்டித்தால் அது 0.44 மடங்காகச் சுருங்கும். அதே நேரத்தில் கடத்தல் இழப்பு 3.1 மடங்கு. 3.1 ÷ 0.44: தட்டின் மேல் விழும் வெப்பச் செறிவு 7 மடங்கு. தொடர்ந்து தாங்கக்கூடியது சதுர மீட்டருக்கு 10 மெகாவாட் அளவுதான். எனவே இந்த வரியில் 7 என்று வந்தால் அடுத்த தாளை எடுத்து, விளிம்பில் நைட்ரஜன் அல்லது நியான் வாயுவை விட்டு, தட்டை அடையுமுன் எத்தனை விழுக்காடு வெப்பத்தைக் கதிர்வீச்சாகப் பரப்ப வேண்டும் என்று கணக்கிடத் தொடங்குங்கள்.